மலைநாட்டு வாவிகளும் அவற்றைக் காணச் செல்வோரும்

நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், மரம், பறவை, விலங்கு என்பவற்றைக் கூறியதோடு அமையாது, அந்நிலத்துக்குரிய நீர் இதுவென்றும் வரையறுத்துச் சென்றனர். குறிஞ்சிக்கு அருவிநீரும் சுனைநீரும் உரியன. மருதத்துக்கு ஆற்றுநீரும் கிணற்றுநீரும் பொய்கைநீரும் உரியன. மலையிலே நீர் நில்லாது. அது ஓடும், வீழும். நிற்குமாயின் பாறைக்குழியிலே சிறு சுனையாக நிற்கும். பரந்து கிடக்கும் நீரைக் காணவேண்டுமாயின் வயலும் வரம்புமுள்ள சமநிலத்துக்கு இறங்கி வரல் வேண்டும். இவ்வாறு வகுத்தோர் இலங்கையின் மலைநாட்டை மனத்துட் கொண்டு வகுத்தாரல்லர். எனினும் அவர் கூறிய விதி நம் மலைநாட்டுக்கும் நன்கு பொருந்துவதே.

அங்ஙனமாயின், கண்டி மாநகரின் நடுவே தலதா மாளிகையின் நிழலை ஏந்திக் கிடக்கும் வாவி எவ்வாறு வந்தது? ஆறாயிரம் அடிக்கு மேலே, நுவரெலியாவின் பனிமூட்டத்தினூடே மின்னும் கிரகரி வாவி எவ்வாறு வந்தது? தேயிலைக் குன்றுகளினிடையே விரல்களை விரித்தாற்போல் நீண்டு கிடக்கும் காசல்ரீயும் மவுசாகலையும் எவ்வாறு வந்தன? விடை ஒன்றே. ஈண்டு நாம் கூறப்புகும் வாவிகளுள் இயற்கை தந்தது ஒன்றேனும் இல்லை. யாவும் மனிதன் அணையிட்டு மறித்தவை. ஒவ்வொன்றும் எவரோ சிலர் விரும்பியதனால் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறெவரோ சிலர் விலை கொடுத்தனர். இவ்வுண்மையை அறிந்து காண்போன் காணும் காட்சி வேறு. அறியாது காண்போன் காணும் காட்சி வேறு. அறிந்தவன் அக்கரையிலே நடந்துகொள்ளும் முறையும் வேறாகும் என்பதே நம் கருத்து.

ஆறும் மலையும் இல்லாத வடபுலத்திலே, கிணற்றையும் குளத்தையும் நம்பி வளர்ந்தவர் நம்முட் பலர். மாணவப் பருவத்தில் மலைநாட்டுச் சுற்றுலா என்றாலே முதல்நாள் இரவு நமக்கு உறக்கம் வாராது. கட்டுச்சோற்றுப் பொதிகளுடன் பஸ் வண்டியில் ஏறி, வழிநெடுகப் பாடி, கண்டி வாவியை அரைமணி நேரமும் நுவரெலியாவை ஒரு பிற்பகலும் கண்டு மீண்டோம். என்ன கண்டீர்கள் என்று வீட்டார் வினாவியபோது, 'கடுங்குளிர்' என்பதன்றி வேறு விடை கூற நாம் அறிந்திலேம். இன்று கல்லூரியிற் பயிலும் தம்பியர் அவ்வாறு வெறுங்கையுடன் மீளாதிருத்தல் வேண்டும் என்னும் விருப்பமே இதனை எழுதத் தூண்டியது.

கண்டி வாவி

மலைநாட்டு வாவிகளுள் நாம் முதலிற் காண்பது கண்டி வாவியே. கண்டியின் இறுதி மன்னனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன் இதனை 1807ஆம் ஆண்டில் அமைப்பித்தான். நாயக்கர் குலத்திற் பிறந்து, இளமையிற் கண்ணுசாமி என வழங்கப்பட்டவன் இம்மன்னன். அரண்மனைக்கு எதிரே வயலாய்க் கிடந்த தாழ்நிலத்தைக் குறுக்கே மறித்து, அங்கே நீரைப் பெருக்கினான். சிங்கள மக்கள் அதனைக் 'கிரி முகுத' என்றனர். பாற்கடல் என்பது அதன் பொருள். கரையை அணிசெய்யும், முகிலலை போன்ற வடிவுடைய மதிலை வகுத்தவர் தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பி என்பர். அம்மதில் முற்றுப்பெறவில்லை, இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது.

அது முற்றுப்பெறாமைக்குக் காரணம் உண்டு. வயலை இழந்தவரும், கூலியின்றி அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியம் என்னும் கடமையின் பேரால் மண் சுமந்தவரும் அப்பணியை உவந்து செய்தாரல்லர். நாட்டுத் தலைவர்கள் முறுமுறுத்தனர். அரசன் அவர்களைக் கொடிதாக ஒறுத்தான் எனவும் கதைகள் வழங்குகின்றன. வாவி கட்டி எட்டாண்டு நிறைவதற்குள், 1815இல், அத்தலைவர்களே ஆங்கிலேயருடன் இணைந்தனர், அரசன் சிறைப்பட்டான். வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தான். வாவியொன்றே அவன் வீழ்ச்சிக்குக் காரணம் என்றல் மிகையாகும். ஆயினும் குடிகளின் மனத்தாங்கலிலே அதற்கும் ஒரு பங்கு உண்டென்பது மறுக்கற்பாலதன்று. தான் கட்டிய பாற்கடலின் அழகை எட்டாண்டுதானும் அவன் துய்த்தானல்லன். இன்று அதனைத் துய்ப்போர் நாமே.

வாவியைச் சுற்றி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம் நடைபாதை உண்டு. காலை ஆறுமணிக்கு நடக்கத் தொடங்குவோன் காணத்தக்கவை பல. நடுவேயுள்ள சிறு தீவின் மரங்களிலே நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். கொக்கும் நாரையும் கரையோரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும். மதிலின் அடியிலே கபரக்கொய்யா மெல்ல நீந்திச் செல்லும்; ஆளுயரம் வளரும் அப்பிராணி மனிதருக்குத் தீங்கு செய்யாது; நாம் அதற்குத் தீங்கு செய்யாதிருத்தலே வேண்டுவது. மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தைக் காடு 1938இற் சரணாலயமாக்கப்பட்டது. நகரின் இரைச்சலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பெருமரங்களின் நிழலில் நுழைந்துவிடலாம் என்பது கண்டிக்கு வாய்த்த பெரும்பேறாகும்.

ஆனால் வாவி நலமாக இல்லை. நகரின் கழிவுநீர் பல வாய்க்கால்களாலும் அதனை வந்தடைகின்றது. நிலைநீரிலே உரச்சத்து மிகுந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகும். பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றும். மீன்கள் மூச்சின்றி மிதக்கும். கண்டி வாவி இந்நோயைக் கண்டதுண்டு. மீனுக்கு உணவிடுகின்றோம் என்று பாணையும் பொரியையும் நாள்தோறும் கொட்டுவோர் அன்பினாற் செய்வதும் இந்நோயையே வளர்க்கும் என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

கிரகரி வாவி

நுவரெலியா ஆங்கிலேயர் தமக்கென அமைத்த ஊர். குளிரும் பனியும் தம் தாயகத்தை நினைவூட்டியமையால், பூந்தோட்டம், குதிரைப் பந்தயத் திடல், பந்தாட்டப் புற்றரை என்பவற்றை அங்கே வகுத்த அவர்கள், தம் தாயகத்திலுள்ளது போன்ற ஓர் ஏரியும் வேண்டினர். தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி 1873ஆம் ஆண்டில், பீதுருதலாகலை மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்துச் சதுப்பு நிலத்தை வாவியாக்கினார். 1881இலே துறவுட்டு என்னும் குளிர்நீர் மீனை அதில் விட்டனர். எல்லாம் உல்லாசத்துக்காகவே செய்யப்பட்டன. ஆயினும் 1913ஆம் ஆண்டில் அவ்வாவிக்கு வேறொரு பயனும் விளைந்தது. அதன் நீர் சுரங்கவழியாக நானுஓயாப் பக்கமுள்ள பிளாக்பூல் மின்னிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மலைநாட்டு நீர் மின்னொளியாகும் என்பதை இலங்கையர் கண்ணாரக் கண்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

உல்லாசம் என்னும் சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம் மாறுவது. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் வேட்டையைப் பற்றி நூலே எழுதினார். அக்காலத்து நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளில் யானை உலாவியது. வேட்டையினாலும் காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டதனாலும் அவை அங்கிருந்து அற்றுப்போயின. அன்று துவக்கு ஏந்திச் சென்றோர் சென்ற அதே பாதையில் இன்று தொலைநோக்கி ஏந்திச் செல்வோர் செல்கின்றனர். இம்மாற்றம் நன்றே, ஆனால் யானை மீண்டு வரவில்லை.

எஞ்சியுள்ள உயிர்களைக் காண விரும்புவோர் வாவிக்கு அருகேயுள்ள விக்டோரியாப் பூங்காவுக்குச் செல்க. மாரிகாலத்திலே இமயமலைச் சாரலிலிருந்து கடல் கடந்து வரும் சிறு பறவைகள் சில அங்கே தங்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் அவற்றுள் ஒன்று. காலையும் மாலையும் தவறாது ஒலித்தலால் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற பன்னிறப் பறவையும் அங்கே சருகைக் கிளறி இரை தேடும். இலங்கையன்றி வேறெந்நாட்டிலும் காணப்படாத மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் அவ்வூரின் மரங்களிலே எளிதிற் காணக்கூடியன. சற்றுத் தொலைவில் உள்ள அக்கலைப் பூங்காவையொட்டிய காட்டிற் கரடிக்குரங்குகள் தாவித்திரியும். குளிருக்கேற்ப அடர்ந்த உரோமம் பெற்றமையால் அப்பெயர் பெற்றன. பனித்துளி உலராத காலைவேளையும் வாய்பேசா நடையுமே இவற்றைக் காண்பதற்கு வேண்டிய மூலதனம். சித்திரை மாத விழாக்காலத்தில், ஒலிபெருக்கியும் வாகன நெரிசலும் மிகுந்த பொழுதில், இவற்றைக் காணலாம் என எண்ணுவோர் ஏமாறுவர்.

வாவியைச் சூழ்ந்த சரிவுகளிற் கிழங்கும் கரட்டும் லீக்ஸும் பயிரிடப்படுகின்றன. பெருமழையில் மண்ணும் உரமும் கழுவுண்டு வாவியை வந்து சேர்கின்றன. வண்டலை அகழ்ந்து எறிதலும், அது மீண்டும் வந்து நிறைதலும் முடிவற்ற வேலையாகும். இயற்கை தந்த ஏரி தன்னைத்தான் ஓரளவு காத்துக்கொள்ளும். மனிதன் ஆக்கிய வாவியை மனிதனே காத்தல் வேண்டும்.

காசல்ரீயும் மவுசாகலையும்

மேற்கூறிய இரண்டும் ஆள்வோரின் விருப்பத்தால் எழுந்தவை. இனிக் கூறுபவை நாட்டின் தேவையால் எழுந்தவை.

சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த தேயிலை நாட்டிலே கெகெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என ஈராறுகள் இறங்கிச் சென்று, கீழே ஒன்றாகிக் களனி கங்கையைப் பெருக்குகின்றன. குறுகிய தூரத்திலே பெருவீழ்ச்சி உடையன அவை. வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றும். இந்நீரால் நாடு முழுவதற்கும் ஒளியூட்டலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா கணக்கிட்டுக் காட்டினார். ஆள்வோர் நெடுங்காலம் செவிசாய்த்திலர். லக்சபான மின்னிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டு கழித்து அவர் மறைந்தார்.

ஆற்றில் மழைக்காலத்து வெள்ளமும் கோடையில் வறட்சியும் மாறிமாறி வருவதால், வெள்ளத்தைத் தேக்கிக் கோடைக்கு வழங்க மேலே பெருந்தேக்கங்கள் வேண்டியிருந்தன. இதற்காக 1965இற் காசல்ரீ அணையும், 1969இல் மவுசாகலை அணையும் எழுந்தன. காசல்ரீயில் தேங்கிய நீர் முதலிலே விமலசுரேந்திராவின் பெயர் தாங்கிய மின்னிலையத்தைச் சுழற்றும். பின் நோட்டன் தேக்கத்தை அடைந்து பழைய லக்சபானவைச் சுழற்றும். மவுசாகலை நீர் கனியன், புதிய லக்சபான என்னும் நிலையங்களைச் சுழற்றும். பின் இரு நீரும் கூடிப் பொல்பிட்டியில் இன்னொருமுறை உழைக்கும். இத்தனைமுறை உழைத்த நீர் களனியிற் கலந்து, அம்பத்தலையில் எடுக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குடிநீராகின்றது. காசல்ரீக் கரையில் ஒருவன் எறியும் பொலித்தீன் பையும் கழுவும் சவர்க்காரமும் யாருடைய நீரில் விழுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வழி இலங்கையின் அழகிய வழிகளுள் ஒன்று. ஒவ்வொரு வளைவிலும் நீர் ஒருபுறம் மறைந்து மறுபுறம் தோன்றும். தேயிலைச் சரிவுகள் நீர்விளிம்புவரை இறங்கி வரும். தெளிந்த தை, மாசிக் காலைகளிலே மவுசாகலை நீருக்கப்பால் சிவனொளிபாதம் கூம்பாக எழுந்து நிற்கும். சைவராகிய நமக்கு அது சிவபெருமானின் திருவடி. பௌத்தர்க்குப் புத்தரின் பாதம். இசுலாமியர்க்கும் பல கிறித்தவர்க்கும் ஆதாமின் அடிச்சுவடு. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணைவரை நல்லதண்ணிப் பாதையால் மலையேறுவோர் பெருகுவர். இரவில் மலையுச்சிவரை தொடரும் விளக்குநிரையைத் தொலைவிலிருந்து கண்டோர் அக்காட்சியை மறவார்.

ஆனால் மவுசாகலையின் நீருக்கடியிலும் ஓர் ஊர் உண்டு. பழைய மஸ்கெலியா நகரம் அங்கே மூழ்கியது. இன்றுள்ள மஸ்கெலியா மேட்டில் அமைத்த புதிய ஊராகும். வறட்சி மிக்க ஆண்டுகளிலே நீர் இறங்கும்போது, பழைய ஊரின் இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாய் வெளித்தோன்றும். அவற்றைக் காண மக்கள் திரண்டு செல்வர். ஒருமுறை, நீர் நிறைந்திருந்த காலத்தில், நாம் கரையில் நின்று படமெடுத்துக் கொண்டிருந்தோம். தேநீர்க் கடையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அந்தா, அந்தத் திட்டுக்குக் கீழதான் தம்பி, எங்க பழைய கடைத்தெரு. தேர் அதுவழியாத்தான் வரும்" என்றார். நாம் படமெடுத்தது வெறும் நீரை. அவர் கண்டது தெருவை. அன்று தொடக்கம் அந்நீரை வெறும் நீராகக் காண எம்மால் இயலவில்லை.

இப்பள்ளத்தாக்குகளைத் தேயிலை நாடாக்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே. முதலிற் கோப்பிக்கும், பின் தேயிலைக்கும் காடு வெட்டியவர்கள் அவர்கள். காசல்ரீக் கரையிலே 1878ஆம் ஆண்டிற் கட்டிய வோர்லி தேவாலயம் இன்றும் உண்டு. அதன் முற்றத்தில் வெள்ளைத் துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. மேலே பொகவந்தலாவையிலே, 1879இல் மறைந்த யூலியா மாகிறற் கமெரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரின் கல்லறை உளது. தம் இறுதிக்காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமாக்கினார். அப்படங்கள் இன்று மேனாட்டுக் கலைக்கூடங்களிற் போற்றப்படுகின்றன. படத்திலுள்ளோர் பலரின் பெயர்தானும் பதியப்படவில்லை. அவர்களுட் பலர்க்குக் கல்லறையும் இல்லை. அவர் நட்ட தேயிலையே அடையாளம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஐப்பசியில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னர்ப் பேசப்படும் என விடப்பட்டது. காசல்ரீயில் நீர் ஏறத்தொடங்கியது அடுத்த ஆண்டிலேயாம். எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாகக் கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரைநூற்றாண்டாக இந்நீரின் கரையில் வாழ்ந்தோர் எந்நாட்டவர் என்பது தீராதிருக்க, ஒரு நாட்பொழுது வந்து செல்லும் நாம் 'எமது அழகிய மலைநாடு' எனப் பாடினோம். வாவியைக் காணச் செல்வோர் லயங்களையும் காணல் வேண்டும். வேடிக்கைப் பொருளாகக் காண்பதன்று; நம்மவராய்க் காண்பதே முறை.

இங்கே விலங்குகளும் மனிதரும் ஒரே நிலத்தைப் பகிர்ந்து வாழ்கின்றனர். தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள சிறு காடுகளிற் சிறுத்தைகள் உள. 2020ஆம் ஆண்டு வைகாசியில் நல்லதண்ணித் தோட்டமொன்றிலே, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மீட்டும் அது பிழைக்கவில்லை. கருநிறச் சிறுத்தை இலங்கையில் மிக அரிது. நீர்க்கரையில் அமைதியாய் அமர்வோர்க்குச் சிறுத்தை தென்படுதல் அருமையே. ஆனால் மீன்கொத்தியும், நீரின்மேல் வட்டமிடும் செம்பருந்தும், பாறைமேல் ஓயாது வாலாட்டும் வாலாட்டிக்குருவியும் நிச்சயம் தென்படும்.

கொத்மலையும் விக்டோரியாவும்

மகாவலித் திட்டத்தாற் பிறந்த பெருந்தேக்கங்களைப் பற்றிச் சுருங்கக் கூறி அமைவாம். கொத்மலை, விக்டோரியா ஆகிய இரண்டும் 1985இலும், ரந்தெனிகலை 1986இலும் நிறைவெய்தின. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. இருவகையிலும் வளைந்த வில்போன்ற அதன் வடிவம், நீரின் பெருவிசையை இருபக்கப் பாறைகளின்மேல் ஏற்றிவிடுகின்றது. பொறியியல் பயில விரும்பும் மாணவர் காணத்தக்க அணை இதுவே. இத்தேக்கங்களின் நீர் மின்னைத் தந்தபின் வரண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கின்றது. ஈற்றில் மகாவலி திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது. கண்டி வாவியின் மிகைநீரும், கிரகரி வாவியின் நீரும் இம்மகாவலியையே அடைவன. கோணேசரைத் தொழச் சென்று கடலை நோக்கி நிற்கும்போது, மலைநாட்டிற் கண்ட நீரே இங்கும் வருகின்றதென நினைத்தல் கூடும்.

இவற்றுக்கும் விலையுண்டு. விக்டோரியாவிற் பழைய தெல்தெனியா நகரம் மூழ்கியது. கொத்மலையில் வளமான வயல்களும், பழம்பெரும் விகாரைகளும், பல ஊர்களும் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேற்றிடங்களுக்குப் பெயர்ந்தன. நீர் வற்றும் காலங்களிற் கடதொர விகாரையின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டும். மஸ்கெலியாவில் முதியவர் கூறியதையே கொத்மலைச் சிங்களக் கிழவரும் தம் மொழியிற் கூறுவர். இழப்புக்கு மொழிபேதம் இல்லை.

செல்வோர் மனங்கொள்ளத்தக்கவை

தென்மேல் பருவமழை வைகாசி தொடங்கிக் காசல்ரீப் பக்கத்திற் கடுமையாகப் பெய்யும். தை முதற் பங்குனிவரை காலைவேளை தெளிவாயிருக்கும். இரவிற் குளிர் கடுமையாகும். நுவரெலியாவில் அக்காலத்து உறைபனியும் படிவதுண்டு. ஆதலிற் கம்பளியுடை இன்றியமையாதது. ஈரக்காட்டிற் செல்வோர் அட்டைக்கடிக்கு அஞ்சவேண்டியதில்லை. நீண்ட காலுறை அணிந்தாற் போதும்.

நீரில் இறங்குதல் பெருந்தவறு. நம் ஊர்க் குளத்திற்போல் மெல்ல ஆழமாகும் கரை அங்கில்லை. மலைச்சரிவே கரையாதலின், ஓரடி எடுத்துவைத்தால் ஆழம். அடியிற் சேறும் மரக்கட்டையும். நீரோ உடலை விறைக்கச் செய்யும் குளிர்மை உடையது. அணைக்குக் கீழுள்ள ஆற்றுப்படுகையில் அமர்ந்து உண்பதும் ஆபத்தே. மேலே வான்கதவு திறந்தால் வறண்டிருந்த பாறைகளின் மேல் நொடிப்பொழுதில் வெள்ளம் பாயும். நீச்சல் வல்ல இளைஞரே பெரிதும் இவ்வாறு மாண்டனர் என்பதை, மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மறத்தலாகாது.

மழை நாட்களில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்த பின்னரே புறப்படல் வேண்டும். 2025 கார்த்திகை இறுதியில் வந்த டித்வா புயலின் பெருமழையால் மலைநாட்டிற் பலவிடங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது, பலர் மாண்டனர். நமக்கு அது பயணத்தை ஒத்திப்போடவேண்டிய செய்தி. அங்கே வாழ்வோர்க்கு அதுவே வாழ்வும் சாவும்.

கொண்டுசென்ற பொதியுறைகளைக் கொண்டே திரும்புக. குரங்குக்கும் மீனுக்கும் உணவிடற்க. ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்க. தேநீரும் உணவும் அவ்வூர்ச் சிறு கடையிலே வாங்குக. கொழுந்து கொய்யும் தாய்மாரைக் கேளாது படமெடுத்தல் நாகரிகமன்று. நம் தாயை வேற்றூரார் அவ்வாறு செய்வாராயின் நாம் பொறுப்போமா?

இறுதியாக ஒன்று கூறுவாம். மலைநாட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவர் குழுவும் ஒரு குறிப்பேட்டைக் கையிற் கொண்டு செல்லல் நன்று. ஒவ்வொரு வாவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. இந்நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது? இக்கரையில் நாம் கண்ட உயிர்கள் யாவை? நீர் வருமுன் இங்கிருந்தது யாது? இம்மூன்று வினாவுக்கும் விடை எழுதி வருக. முதல் வினாவுக்கு நிலப்படம் உதவும். இரண்டாவதற்குப் பொறுமை உதவும். மூன்றாவதற்கோ அவ்வூரார் ஒருவரை அணுகி, வணங்கி, அமர்ந்து கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கக் கற்ற மாணவனே சுற்றுலாவின் பயனை முற்றப் பெற்றவனாவான்.